தொட்டியின் அடியில் ஓடிய பால்

சேலத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கடந்த மாதம் இரண்டு நாள் நடந்த கருத்தரங்கில் நானும் ஒரு கட்டுரை வாசித்தேன். நீர், காற்று போன்ற பாய்மங்களின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது, எங்கள் துறையில் எல்லோரும் சி.எஃப்.டி. என்று சொல்வது, அந்தக் கருத்தரங்கின் பொருள். கட்டுரையை வாசித்து முடித்துக் கேள்விகளுக்கு நின்ற இரண்டு நிமிடத்துக்குள் என் முடிவை நம்ப முடியாது என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அது எவ்வளவு தவறு, எந்தெந்த வகையில் தவறு என்பது அடுத்து வந்த மூன்று வாரங்களில் தெரிந்தது. மறந்துபோவதற்கு முன் முழுவதையும் எழுதி வைக்க விரும்புகிறேன்.

என் கட்டுரையின் கரு ஆத்தூர்ப் பக்கம் என் தாய்மாமா நடத்தும் சேகோ மில்லிலிருந்து வந்தது. சேலம் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஜவ்வரிசி எப்படி உருவாகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக் கழுவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலிப்பார்கள். சல்லடையில் தங்குவது திப்பி. அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். சல்லடையைத் தாண்டி வரும் வெண்மையான நீருக்கு மில்லில் பால் என்றே பெயர். அந்தப் பாலைப் பெரிய தொட்டிகளில் விட்டால் மாவு அடியில் படியும், தெளிந்த நீர் மறுமுனையில் வழிந்து வெளியேறும். படிந்த மாவின் மேல் பழுப்பு நிறத்தில் ஓர் ஏடு படர்ந்திருக்கும். அதை வழித்து ஒதுக்கிவிட்டு, கீழே கட்டியாக இறுகிக் கிடக்கும் வெள்ளை மாவை வெட்டி எடுப்பார்கள். உருட்டுவது, வறுப்பது, களத்தில் காயவைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். எனவே, தொட்டியில் படியாமல் வழியும் நீரோடு போகும் மாவு அத்தனையும் நட்டம். மாமாவுக்கு இருந்த சந்தேகம் எளிமையானது. பால் விழும் குழாய்க்குச் சற்றுத் தள்ளி, தொட்டியின் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் இன்னும் கொஞ்சம் மாவு படியுமா? படியும் என்று நான் சொன்னால், கிழங்கு வரத்து குறைந்ததும் கொத்தனாரை வரச்சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

இதைக் கையாலேயே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். அசையாத நீரில் ஒரு சிறு உருண்டை எந்த வேகத்தில் இறங்கும் என்பதை 1851-இல் ஸ்டோக்ஸ் சொல்லிவிட்டார். விட்டம் இரண்டு மடங்கானால் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். மரவள்ளி மாவின் மணிகள் பெரும்பாலும் 5 முதல் 35 மைக்ரான் வரை விட்டம் கொண்டவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவற்றின் அடர்த்தி நீரைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. இந்த எண்களைப் போட்டுப் பார்த்தால், 30 மைக்ரான் மணி ஒரு மணி நேரத்தில் சுமார் 88 சென்டிமீட்டரும், 15 மைக்ரான் மணி 22 சென்டிமீட்டரும், 5 மைக்ரான் மணி இரண்டரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவும் இறங்கும். மாமாவின் தொட்டி நாலடி ஆழம். அதாவது, மேற்பரப்பிலிருந்து அடிக்கு வந்து சேரப் பெரிய மணிக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, நடுத்தர மணிக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும், மிகச் சிறியதற்கு இரண்டு முழு நாள் போதாது. தொட்டி அறுபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்டது. நான்கு அங்குலக் குழாயில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பால் வந்தால், தொட்டிக்குள் வரும் நீர் சராசரியாக ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளே தங்கும். 15 மைக்ரான் மணிக்கு வேண்டிய நேரமும், நீர் தங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பார்த்தபோது, அந்தக் காலத்தில் தொட்டி கட்டியவரின் அனுபவத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஆனால் இந்தக் கணக்கு நீர் சீராக, ஒரே வேகத்தில் தொட்டி முழுவதும் நகர்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. உண்மையில் குழாயிலிருந்து பாயும் நீர் நேராகப் பாய்ந்து, ஒரு பக்கம் சுழன்று, சில மூலைகளில் தேங்கி, சில வழிகளில் குறுக்கே விரைந்து போகும். அந்த ஓட்டத்தைக் கையால் கணக்கிட முடியாது. நேவியே 1822-இலும் ஸ்டோக்ஸ் 1845-இலும் எழுதி முடித்த சமன்பாடுகள் பாகுநிலை உள்ள பாய்மத்தின் இயக்கத்தை விவரிக்கின்றன. முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் சீரான தீர்வு உண்டா என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை. அதை நிறுவுபவருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. எனவே, தொட்டியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு உந்தம் மாறியது என்று கணினியைக் கணக்கெழுதச் சொல்கிறோம். மில் கணக்குப்பிள்ளை வரவும் செலவும் எழுதுவதைப் போன்ற வேலைதான். கட்டங்கள் மட்டும் பல ஆயிரம் முதல் பல லட்சம் வரை. அந்தக் கட்டங்களின் தொகுப்பை வலை என்கிறோம்.

நான் முப்பதாயிரம் கட்டங்கள் கொண்ட வலை ஒன்றை ஓபன்ஃபோம் மென்பொருளில் அமைத்தேன். 2004 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் திறந்த மூலமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. சிறிய கல்லூரிகளில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கணக்கு முடிய என் மேசைக் கணினியில் முக்கால் மணி நேரம் ஆனது. தடுப்புச் சுவரை இருபது இடங்களில் வைத்துப் பார்த்தேன். சுவர் இல்லாத தொட்டியில் 91 சதவீத மாவு படிவதாகவும், குறிப்பிட்ட ஓரிடத்தில் சுவர் வைத்தால் அது 94 ஆகக் கூடுவதாகவும் கணக்கு சொன்னது. வேகத்தைக் காட்டும் படங்கள் அடர்நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறம் மாறி மிக அழகாக வந்திருந்தன. அந்தப் படங்களை நான் அளவுக்கு மேல் நம்பினேன்.

கருத்தரங்கின் முதல் நாள் காலை குத்துவிளக்கு ஏற்றுவதிலும் பொன்னாடையிலும் நினைவுப் பரிசிலும் வெகுநேரம் கழிந்தது. அதன் விளைவாக ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒதுக்கியிருந்த பதினைந்து நிமிடம் பத்தாகக் குறைந்தது: எட்டு நிமிடம் வாசிக்க, இரண்டு நிமிடம் கேள்விக்கு. இதைக் குறையாகவே பதிவு செய்கிறேன். ஒரு மாணவி ஆறு மாதம் உழைத்துக் கொண்டுவந்ததை எட்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அதைக் கேட்டவர்கள் எண்ணிப்பார்த்து ஒரு நல்ல கேள்வி கேட்க இரண்டு நிமிடம் போதாது. கருத்தரங்கத்துக்கு ஊர்விட்டு ஊர் வருவதே அந்தக் கேள்விக்காகத்தான். படங்களையும் வரைபடங்களையும் அவரவர் வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

எனக்கு அந்தக் கேள்வி கிடைத்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுந்து, மிக மெதுவான குரலில், தமிழிலேயே கேட்டார்: "வலையை இரண்டு மடங்கு நுணுக்கமாக்கிப் பார்த்தீங்களாம்மா?" பார்க்கவில்லை என்றேன். "அப்ப அந்த 91-க்கும் 94-க்கும் இருக்கிற வித்தியாசம் சுவரால் வந்ததா, வலையால் வந்ததான்னு எப்படிச் சொல்றீங்க?" அதற்குள் அமர்வுத் தலைவர் மணியை அடித்துவிட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

தேநீர் இடைவேளையில் தட்டுவடை செட்டோடு எல்லோரும் மரத்தடியில் நின்றபோது அவரைத் தேடிப் போனேன். அவர் அரை மணி நேரம் எனக்காகச் செலவிட்டார். கட்டங்கள் பெரியதாக இருக்கும்போது கணக்கில் நுழையும் பிழை, உண்மையில் இல்லாத ஒரு பாகுநிலையை நீருக்கு ஏற்றிவிடும் என்றார். நீர் வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் அப்விண்ட் முறையைத்தான் நான் பயன்படுத்தியிருந்தேன். அதில் இது மிகவும் தெரிந்த குறை. தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஓடுவதைப் போலச் சுழல்கள் எல்லாம் மழுங்கிப்போய், ஓட்டம் உண்மையைவிடச் சீராகத் தெரியும். ஓட்டம் சீரானால் மாவும் கூடுதலாகப் படிந்ததாகக் கணக்கு வரும். பிறகு இன்னொன்றும் கேட்டார். குழாயின் வாயில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் அமைதியானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) என்ன? ஐம்பதாயிரம் என்றேன். தொட்டியின் நடுவில்? அதை நான் கணக்கிட்டதே இல்லை. அங்கேயே கைபேசியில் கணக்கிட்டேன். நீர் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராத இடத்தில் ஆயிரத்தை ஒட்டித்தான் வந்தது. 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயக் கோடு விட்டு, அது எப்போது நேர்கோடாக ஓடுகிறது, எப்போது கலைந்து நீர் முழுவதும் பரவுகிறது என்று பார்த்தாரே, அந்த எல்லையைப் பாடமாக நடத்துகிற நானே இதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். நான் எடுத்துக்கொண்ட கே-எப்சிலான் என்ற கணக்கீட்டு மாதிரி முழுமையாகக் கொந்தளிக்கும் ஓட்டத்துக்காக உருவானது. குழாயின் வாய்க்கு அது பொருந்தும். தொட்டியின் பெரும்பகுதிக்குப் பொருந்தாது.

வலையைப் பற்றிய கேள்விக்கு விடை தேடும் முறை நூறாண்டுக்கு மேல் பழையது. பெரிய கட்டங்களிலும் சிறிய கட்டங்களிலும் கணக்கிட்டு, இரண்டு விடைகளின் வித்தியாசத்திலிருந்து, கட்டம் முடிவில்லாமல் சிறுத்தால் விடை எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்கும் வழியை லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1911-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த மூன்று வாரமும் என் மனத்தில் இருந்தவர் அவர்தான்.

ரிச்சர்ட்சன் போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றினார். காயம்பட்டவர்களைச் சுமக்கும் வேலைக்கு நடுவே, வைக்கோலை மேசையாக்கிக்கொண்டு, ஐரோப்பாவின் ஒரு பகுதிக்கு மேலுள்ள காற்றைக் கட்டங்களாகப் பிரித்து, 1910 மே 20 அன்றைய வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேர முன்னறிவிப்புக்கு அவருக்குப் பல வாரம் தேவைப்பட்டது. 1917-இல் போர்முனையில் கைப்பிரதி தொலைந்தது. பல மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு வந்த விடை படுதோல்வி. காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. அதை அவர் மறைக்கவில்லை. தவறான அந்த எண்ணை, அது வந்த படிகள் ஒவ்வொன்றோடும் சேர்த்து, 1922-இல் நூலாக வெளியிட்டார். படிகள் முழுவதும் இருந்ததால்தான், தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாததே காரணம் என்று பின்னால் வந்தவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அயர்லாந்தின் வானிலை அறிஞர் பீட்டர் லின்ச் அந்தத் தொடக்க அளவுகளைச் சீர்செய்து அதே கணக்கைத் திரும்பப் போட்டபோது நம்பத்தகுந்த விடையே வந்தது. 1950-இல் எனியாக் கணினியில் முதல் வானிலைக் கணக்கு வெற்றி பெற்றதற்குப் பின்னால், தோற்றுப்போன இந்தக் கணக்கும் நிற்கிறது.

கருத்தரங்கில் நான் கேட்ட கட்டுரைகளில், என்னுடையதையும் சேர்த்து, ஒன்றுகூடப் பொருந்தாத விடையை மேடையில் காட்டவில்லை. எல்லாம் பொருந்தின. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொருந்தாத விடையைக் காட்டினால் மதிப்பெண் குறையும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்.

இரண்டாம் நாள் நடந்தவற்றில் பெரும்பகுதியைக் கடந்து செல்கிறேன். வாகனக் குளிர்விப்பான்கள், காற்றாலை இறகுகள் பற்றியவை நல்ல கட்டுரைகளே. என் வேலைக்குத் தொடர்பில்லாதவை. மதிய உணவுக்கு முன் கோவையிலிருந்து வந்த ஓர் ஆய்வு மாணவி, நீர்த்தேக்கங்களுக்குள் வண்டல் கலந்த வெள்ளம் நுழைவதைப் பற்றிப் பேசினார். சேற்று நீர் தெளிந்த நீரைவிடச் சற்றே கனமானது. அந்தச் சிறு வித்தியாசமே அதை நீர்த்தேக்கத்தின் அடிக்கு இழுத்து, மேலே உள்ள தெளிந்த நீரோடு அதிகம் கலக்காமல், தரையோடு தரையாகப் பல கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். ஹூவர் அணை கட்டி நீர் தேக்கத் தொடங்கியபோது, 1935-இல், மீட் ஏரியின் மேற்பரப்பு தெளிவாக இருக்கையிலேயே அணையின் மதகுகளில் கலங்கல் நீர் வந்ததை அவர் எடுத்துக்காட்டினார். இதை அடர்த்தி ஓட்டம் என்பார்கள். 1934-இல் கட்டி முடிக்கப்பட்டு, 120 அடி வரை நீர் தேக்கும் மேட்டூர் அணையிலும் வண்டல் ஒரு பெரிய கேள்வி என்பதால் அரங்கம் கவனமாகக் கேட்டது. நான் நடுவிலேயே கேட்பதை நிறுத்திவிட்டேன். மாமா சொன்னது நினைவுக்கு வந்திருந்தது.

ஆறு மாதத்துக்கு முன், தொட்டியை அளக்க நாடாவோடு நான் போயிருந்தபோது, பால் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று அவரிடம் கேட்டேன். "பாலு மேல ஓடாது கண்ணு. உளுந்த உடனே கீழ போயி, அடியோட ஊர்ந்துதான் அந்தத் தலைக்குப் போகும். தண்ணிய அவசரப்படுத்துனா எந்திரிச்சுக்கும்" என்றார். அதை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் கணக்கில் பாலுக்கும் நீருக்கும் ஒரே அடர்த்தியைக் கொடுத்திருந்தேன். நூறு பங்கில் நான்கு பங்கு மாவு என்றால் பாலின் அடர்த்தி நீரைவிடச் சுமார் 1.3 சதவீதம்தான் அதிகம். அதனால் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். அரங்கிலேயே காகிதத்தின் ஓரத்தில் கணக்கிட்டேன். நாலடி ஆழத்தில் அந்த 1.3 சதவீதம் நொடிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் ஓர் ஓட்டத்தை உண்டாக்கக் கூடியது. நான் கணக்கில் எடுத்துக்கொண்ட சராசரி வேகமோ நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தொட்டியில் நடப்பதை நடத்துவது எதுவோ, அதை நான் சமன்பாட்டிலேயே எழுதவில்லை.

சமன்பாடுகளைச் சரியாகத் தீர்த்தோமா என்பது ஒரு கேள்வி, சரியான சமன்பாடுகளைத் தீர்த்தோமா என்பது இன்னொரு கேள்வி என்று எங்கள் துறையில் சொல்வது வழக்கம். பேராசிரியர் என்னிடம் கேட்டது பெரும்பாலும் முதல் கேள்வி. மாமா ஆறு மாதம் முன்னதாகவே இரண்டாவதற்கு விடை சொல்லியிருந்தார்.

அன்று மாலை ஏற்பாட்டாளர்கள் எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சில்வர் ஓக் மரங்களின் கீழே காப்பிச் செடிகள் நிற்கும் தோட்டங்களைத் தாண்டி, லேடீஸ் சீட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே சேலத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வெயில் போனதும் சரிவில் உள்ள காற்று குளிர்ந்து கனத்து, மலையின் மடிப்புகள் வழியே கீழ்நோக்கி வடியத் தொடங்கும். அதையும் அடர்த்தி ஓட்டம் என்றே சொல்ல வேண்டும். அன்று பனிமூட்டம் இருந்ததால் அதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஓர் ஓடையின் பள்ளத்தில் வெண்மை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பேருந்தில் வந்த பாதிப் பேர் கைபேசியைக்கூட எடுக்காமல் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பரணில் கிடந்த மீன் தொட்டியை இறக்கிக் கழுவினேன். இரண்டரை அடி நீளம் கொண்ட கண்ணாடித் தொட்டி. மரவள்ளி மாவைத் தண்ணீரில் நூற்றுக்கு நான்கு என்ற கணக்கில் கலக்கி, சில சொட்டு நீல மை விட்டு, ஒரு முனையில் சிறிய குழாய் வழியாக மெதுவாக ஊற்றினேன். நீலம் ஒரு விரற்கடை தூரம்கூட மேலே போகவில்லை. சுவரை ஒட்டி நேராகக் கீழே சரிந்தது. தரையைத் தொட்டதும் மடங்கி, தரையோடு ஒட்டி முன்னேறியது. அதன் முன்முனை மட்டும் பாம்பு தலையைத் தூக்கினாற்போல் சற்றே தடித்து உயர்ந்திருந்தது. தலைக்குப் பின்னால் மேல்விளிம்பில் சிறு சிறு சுருள்கள் எழுந்து கலைந்துகொண்டிருந்தன. மேலே முக்கால் தொட்டி நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. எதிர்ச் சுவரில் மோதியதும் நீலம் ஒரு சாண் உயரம் எழும்பி, திரும்பி விழுந்து, வந்த வழியே ஒரு மெல்லிய அலையாக ஓடி வந்தது. என் மகள் அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். ஆறு முறை செய்தோம்.

இதற்கிடையில் முதல் கேள்விக்கான கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும். காலத்தையும் பாதியாக நறுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு காலப் படிக்குள் நீர் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடும். கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-இல் எழுதிய நிபந்தனை இது. ஆக மொத்தம் பதினாறு மடங்கு நேரம். முக்கால் மணி நேரக் கணக்கு பன்னிரண்டு மணி நேரம் ஆனது. அதற்கடுத்த வலை, பத்தொன்பது லட்சம் கட்டங்களோடு, எட்டு நாள் எடுத்துக்கொண்டது. நடுவில் மின்தடை வந்துவிடக் கூடாதே என்று எட்டு நாளும் கவலையாக இருந்தது. சுவர் இல்லாத தொட்டிக்கு முதல் வலை 91 சதவீதம் சொல்லியிருந்தது. இரண்டாவது 83 என்றது. மூன்றாவது 79. வித்தியாசம் எட்டு, பிறகு நான்கு. ஒவ்வொரு முறையும் பாதியாகிறது. ரிச்சர்ட்சனின் வழியில் போனால் விடை 75-இல் போய் நிற்கும். என் கட்டுரை தடுப்புச் சுவரால் மூன்று சதவீதம் கூடும் என்று அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பைத் தாங்கிய வலையின் பிழை பதினாறு.

கடைசியாக ஒரு சனிக்கிழமை மில்லுக்குப் போனேன். மாமாவின் ஆட்கள் இருவர் உதவியோடு, காலை முதல் மாலை வரை அரை மணிக்கு ஒருமுறை குழாயின் வாயிலும் வழியும் விளிம்பிலும் பாட்டில்களில் நீர் பிடித்தேன். தொட்டியின் நடுவே பலகை போட்டு உட்கார்ந்து, ஒரு மெல்லிய குழாயை ஒவ்வோர் அரையடியாக இறக்கி உறிஞ்சிப் பார்த்தேன். மூன்றடி வரை ஏறக்குறையத் தெளிந்த நீர். அதற்குக் கீழே சட்டென்று பால். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை நிமிர்த்தியபோது ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கி வரச் சொல்லி ஆளை அனுப்பினார்.

பாட்டில்களைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் உலர்த்தி எடை போட்டபோது, தொட்டியில் படியும் மாவு 88 சதவீதம் என்று வந்தது. இந்த எண்ணை நான் மிகுந்த கவனத்தோடு எழுதுகிறேன். நான் முதலில் கணக்கிட்ட 91-க்கு இது மிக அருகில் இருக்கிறது. சரியாகத் தீர்த்த 75-க்கு வெகுதூரத்தில் இருக்கிறது. கருத்தரங்குக்கு முன் இந்த அளவீட்டைச் செய்திருந்தால், கணக்கும் அளவீடும் மூன்று சதவீதத்துக்குள் பொருந்துகின்றன என்று படம் போட்டுக் காட்டியிருப்பேன், அரங்கமும் ஏற்றுக்கொண்டிருக்கும். உண்மையில் நடந்திருப்பது இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்தது. பெரிய கட்டங்கள் ஓட்டத்தைப் பொய்யாகச் சீராக்கி மாவைக் கூடுதலாகப் படியவைத்தன. தொட்டியிலோ, பால் தரையை ஒட்டியே ஓடுவதால் மணிகள் நாலடி இறங்க வேண்டியதில்லை, ஓரடிக்கும் குறைவாக இறங்கினால் போதும். அதனால் மாவு கூடுதலாகப் படிகிறது. விடை ஒன்றாகத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு வேறு. காரணம் மாறினால் தடுப்புச் சுவரின் கதையும் மாறும். தரையிலிருந்து எழுப்பும் சுவர், அடியோடு ஊர்ந்துவரும் பாலை மறித்து மேலே தூக்கிவிடலாம். தண்ணீர் எழுந்துகொள்ளும் என்று மாமா சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். என் பேச்சைக் கேட்டு அவர் சுவரைக் கட்டியிருந்தால், கட்டிய செலவோடு மாவும் போயிருக்கக்கூடும்.

பேராசிரியருக்கு மூன்று வலைகளின் விடைகளையும், மீன் தொட்டியின் காணொளியையும், பாட்டில் எடைகளின் பட்டியலையும் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. எடை போடும் முன் மணிகளின் அளவைப் பிரித்துப் பார்த்தீர்களா, வழியும் நீரில் போவது 5 மைக்ரான் மணிகள் மட்டும்தானா என்று கேட்டிருந்தார். பார்க்கவில்லை, அடுத்த முறை பார்க்க வேண்டும். கருத்தரங்கின் தொகுப்பில் என் கட்டுரை அச்சாகும் முன் திருத்தம் அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறேன். 91, 83, 79, 75, 88 ஆகிய ஐந்து எண்களும் ஒரே அட்டவணையில் வரும்படி எழுதியிருக்கிறேன்.

பாலுக்குத் தனி அடர்த்தி கொடுத்த புதிய கணக்கு இதை எழுதும் நேரத்தில் இரண்டாவது வலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை காலை முடியும். மூன்றாவது வலை முடிந்து, அதன் பிறகு சுவரை வைத்தும் அதே மூன்று வலைகளில் பார்க்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். கொத்தனாரை இப்போதைக்கு வரச்சொல்ல வேண்டாம் என்று மாமாவுக்கு நேற்று போன் செய்து சொன்னேன். "சரி கண்ணு, அடுத்த கிழங்குக்குப் பாத்துக்கலாம்" என்றார்.